நான்கு முடிவுகளும் ஒரு சமையலறைத் தராசும்

எங்கள் நாடகக் குழுவில் நடிப்பவர்கள் ஆறு பேர். திரைக்குப் பின்னால் வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். ஒன்பது பேரும் பகலில் வேறு தொழில் செய்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருபவர்கள். 84 இருக்கைகள் கொண்ட சிறிய அரங்கில், கொலையாளி யார் என்பதைப் பார்வையாளர்களே இடைவேளையில் வாக்களித்து முடிவு செய்யும் நகைச்சுவைக் கொலை நாடகம் ஒன்றை நான்கு இரவுகள் நடத்தினோம். மேடை நிர்வாகமும் அரங்கப் பொருட்களைச் செய்வதும் என் பொறுப்பு. ஆறு வார ஒத்திகைக் காலத்தில் நான் வைத்திருந்த குறிப்பேட்டிலிருந்து, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் பகுதிகளை மட்டும் இங்கே விரித்து எழுதுகிறேன். நடிப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பார்வையாளரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் சொல்லும் பதில் எதுவாக இருந்தாலும் கலையாமல் நிற்கும்படி ஒரு நாடகத்தைக் கட்டுவதற்கு என்னென்ன செய்யவேண்டியிருந்தது என்பதே இந்தப் பதிவு.

பார்வையாளரின் தீர்ப்பை மேடைக்குள் கொண்டுவருவது பழைய எண்ணம்தான். 1935இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேக்கு வந்த ஒரு நீதிமன்ற நாடகத்தில், ஒவ்வோர் இரவும் பார்வையாளர்களிலிருந்தே நடுவர் குழுவை அமர்த்தி, அவர்கள் குற்றவாளி என்றால் ஒரு முடிவையும் நிரபராதி என்றால் இன்னொரு முடிவையும் நடித்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1870இல் இறந்தபோது பாதியில் நின்றுபோன நாவலை வைத்து 1985இல் பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம் இன்னும் துணிச்சலானது: வேடமிட்டு வந்த துப்பறிவாளர் உண்மையில் யார், கொலையாளி யார், கடைசியில் ஒன்று சேரும் காதலர்கள் யார் என்று அதில் மூன்று வாக்கெடுப்புகள். இதைக் கேள்விப்பட்ட உற்சாகத்தில் எங்கள் முதல் பிரதியை எழுதியவர், கதையின் நடுவே மூன்று இடங்களில் பார்வையாளரிடம் "இப்படியா, அப்படியா" என்று கேட்டுவிட்டு, இறுதியில் நான்கு பேரில் ஒருவரைக் கொலையாளியாக்கும்படி அமைத்திருந்தார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. மூன்று இடங்களில் இரண்டிரண்டு வழிகள் என்றால் எட்டுப் பாதைகள், ஒவ்வொன்றின் முனையிலும் நான்கு முடிவுகள் என்றால் 32 நாடகங்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது அறை அமைதியாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று மாலை, மாலைக்கு இரண்டு மணி நேரம் என்று எங்களிடம் இருந்தது மொத்தம் 36 மணி நேர ஒத்திகை. நாடகத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் வரும்.

ஆகவே நடுத்தண்டை ஒன்றாகவே வைத்துக்கொண்டோம். பார்வையாளர்கள் மாற்றக்கூடியவை மூன்று: சந்தேக நபர்களை எந்த வரிசையில் விசாரிப்பது, அவர்களிடம் என்ன கேட்பது, யாரைக் கொலையாளி என்று சொல்வது. முதல் இரண்டும் நாடகத்தின் போக்கைத் திருப்பாமல் அதன் முகத்தை மட்டும் மாற்றுபவை. மூன்றாவதற்கு ஏழு நிமிட அளவில் நான்கு தனி முடிவுகள் எழுதப்பட்டன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாடக மன்றத்தில் ஒத்திகை நடக்கிறது. திடீரென்று விளக்குகள் அணைகின்றன. மீண்டும் வெளிச்சம் வரும்போது மன்றத் தலைவர் சோபாவுக்குப் பின்னால் இறந்து கிடக்கிறார். அருகில், ஆண்டுதோறும் அவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட சிறந்த நடிகர் கோப்பை உருண்டு கிடக்கிறது. கதாநாயகி, ஒப்பனைக்காரர், கணக்கர், வசனம் எடுத்துக்கொடுக்கும் ப்ராம்ப்டர் ஆகிய நால்வர்மீதும் சந்தேகம். விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலையை, அதாவது கதைக்குள் நின்றுகொண்டே சபையோடு பேசுவதை, இவர் செய்கிறார். கதை நடக்குமிடமே ஒத்திகை மேடை என்பதால் தனியாக செட் எதுவும் போடவேண்டியிருக்கவில்லை. பணமில்லாத குழுக்களுக்கு இந்தத் தந்திரத்தை மனமாரப் பரிந்துரைப்பேன்.

துப்புகளைத் திட்டமிடுவதற்கு ஒத்திகை அறையின் சுவரில் பெரிய காகிதம் ஒன்றை ஒட்டி, நான்கு வரிசைகளில் நான்கு சந்தேக நபர்களையும், மூன்று பத்திகளில் நோக்கம், வாய்ப்பு, தடயம் என்பவற்றையும் எழுதினோம். பன்னிரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தால்தான் எவரையும் கொலையாளி என்று நம்பவைக்க முடியும். முதல் பிரதியில் ப்ராம்ப்டருக்குரிய கட்டங்களில் இரண்டு வெறுமையாக இருந்தன. கணக்கருக்கோ ஒரே கட்டத்தில் நான்கு துப்புகள் குவிந்திருந்தன. எழுதியவரே மனதுக்குள் கணக்கரைக் குற்றவாளியாக்கிவிட்டு, மற்ற மூவரையும் ஒப்புக்குச் சேர்த்திருந்தார் என்பது காகிதத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவரும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி, எந்தத் துப்பும் குறைந்தது இரண்டு பேரையாவது சுட்டவேண்டும் என்பது. இந்த விதியால் கிடைத்த மிகச் சிறந்த பொருள், சிவப்புக் கறை படிந்த ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கதாநாயகி என்றால் அது உதட்டுச்சாயம். ஒப்பனைக்காரர் என்றால் கன்னத்துக்குப் பூசும் வண்ணம். கணக்கர் என்றால் தவறுகளைச் சுழிக்கும் சிவப்பு மை. ப்ராம்ப்டர் என்றால் பிரதியில் வெட்டப்பட்ட வரிகளை அடிக்கும் சிவப்பு மெழுகுப் பென்சில். ஒரே கைக்குட்டை நான்கு முடிவுகளிலும் சாட்சி சொன்னது.

இன்னொரு விதியை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டோம். துப்பறியும் கதைகளுக்காக ரோனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில், துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயத்தை வாசகருக்கும் காட்டிவிடவேண்டும் என்பதும், முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது என்பதும் உண்டு. எங்கள் ஒப்பனைக்காரர் முடிவில் திடீரென்று ஓர் இரட்டைச் சகோதரர் முளைத்திருந்தார், அவரை நீக்கினோம். இடைவேளைக்கு முன் மேடையில் காட்டப்படாத எதுவும் எந்த முடிவிலும் சாட்சியாக வரக் கூடாது என்று தீர்மானித்தோம். நகைச்சுவை நாடகத்துக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று ஒருவர் கேட்டார். வாக்களித்தவர் தம் கணிப்பு சரியா என்று பார்க்கக் காத்திருப்பார். அப்போது அவர் பார்த்தேயிராத ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினால் சிரிக்கமாட்டார், ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார் என்பது எங்கள் எண்ணம்.

அந்தக் கைக்குட்டை முதல் தொழில்நுட்ப ஒத்திகையில் எங்களைக் கைவிட்டது. கொலை நடந்த காட்சிக்கு அச்சமூட்டும் சூழல் வேண்டுமென்று ஒளியமைப்பாளர் மேடை முழுவதும் சிவப்பு ஒளி போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை விரித்துக் காட்டி, "இந்தக் கறையைப் பாருங்கள்" என்றார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சுத்தமான துணிதான் தெரிந்தது. காரணம் எளியது: சிவப்பு ஒளி மட்டும் விழும்போது வெள்ளைத் துணியும் சிவப்புக் கறையும் அந்த ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புகின்றன, ஆகவே இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. கறை பச்சையாக இருந்திருந்தால் கறுப்பாகத் தெரிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் நிற்கும் இடத்தில் மட்டும் விழும்படி ஒரு வெள்ளை ஸ்பாட் விளக்கைச் சேர்த்ததும் கறை தெரிந்தது. ஆனால் சின்னதாகத் தெரிந்தது. எங்கள் கடைசி வரிசை மேடை விளிம்பிலிருந்து 11 மீட்டர் தொலைவில் இருக்கிறது. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது, தூரத்திலிருந்து வாசிக்கவேண்டிய எழுத்துகளுக்குப் பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. அதன்படி எங்கள் மேடையில் காட்டும் எழுத்து எதுவும் 9 சென்டிமீட்டர் உயரமாவது இருக்கவேண்டும். மேடைத் துப்பும் அப்படித்தான். சட்டைப்பைக் கைக்குட்டையை எடுத்துவிட்டு, 60 சென்டிமீட்டர் சதுரத் துணியில் உள்ளங்கையளவு கறையை அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்தேன். கைக்குட்டையைவிட மேசை விரிப்பு என்றே அதைச் சொல்லலாம். இன்ஸ்பெக்டர் அதை மடித்து மடித்துப் பைக்குள் திணிப்பதே தனி நகைச்சுவையாகிவிட்டது.

கொலைக்கருவியின் கதைக்கு வருகிறேன். முதலில் துப்பாக்கி என்று எழுதப்பட்டிருந்தது. அதை நான் மறுத்தேன். குண்டு இல்லாத வெற்றுத் தோட்டாவிலும் வெடிமருந்து இருக்கிறது. மிக நெருக்கத்தில் அது ஆளைக் கொல்லும். 1984இல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற அமெரிக்க நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தம் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு, அந்தக் காயத்தால் இறந்தார். அடுத்து, குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும் வில் வைத்த கத்தியைக் கொண்டுவந்தார்கள். மேசைமீது வைத்து இருபது முறை அழுத்திப் பார்த்ததில் இரண்டு முறை அலகு உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டது. உடலைத் தொடும் காட்சிக்கு அது ஆகாது. கோப்பை அப்படித்தான் வந்தது, கதைக்கும் அதுவே பொருந்தியது.

கோப்பையைத் தெர்மோகோலில் செதுக்கினேன். இரண்டு மாலைகள் உட்கார்ந்து, கைப்பிடிகளையும் அடிப்பீடத்தையும் தேய்த்து வழவழப்பாக்கி, தங்க நிற ஸ்ப்ரே பெயிண்டை அடித்தேன். அடுத்த சில நிமிடங்களில் என் கண்முன்னாலேயே கோப்பையின் விளிம்பு உள்வாங்கி, கைப்பிடி ஒன்று மெலிந்து அறுந்து, பக்கவாட்டில் அம்மைத் தழும்புகள்போலக் குழிகள் விழுந்தன. ஸ்ப்ரே பெயிண்டில் உள்ள கரைப்பான், தெர்மோகோலின் மூலப்பொருளான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டிய செய்தி, அவசரத்தில் மறந்துபோயிற்று. இரண்டாவது கோப்பைக்கு, தண்ணீர் கலந்த வெள்ளை மரப்பசையில் டிஷ்யூ காகிதத் துண்டுகளைத் தோய்த்து மூன்று அடுக்கு ஒட்டி, ஒவ்வோர் அடுக்கும் காயும்வரை காத்திருந்து, பின்னர் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசினேன். அந்த மேலோடு வண்ணத்துக்கும் தெர்மோகோலுக்கும் இடையில் தடுப்பாக இருந்ததோடு, மேடையில் விழுந்து உருளும்போது நொறுங்காமலும் காத்தது. கனமில்லாத பொருள் விழுந்தால் "டொக்" என்று அற்பமாகச் சத்தம் கேட்கும் என்பதால், இருட்டில் அடி விழும் அதே நொடியில் பக்கத்திரைக்குப் பின்னால் ஈரத்துணி சுற்றிய தலையணையை மரப்பலகைமீது ஓங்கி அடிக்கும் வேலை ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. ஓடு உருகிப்போன முதல் கோப்பையைத் தூக்கியெறியவில்லை. கதாநாயகி முடிவில் அவர் உடைத்த பழைய கோப்பையாக அது மேடையேறியது.

இருட்டு எட்டு நொடி. அந்த எட்டு நொடிக்குள் தலைவர் சோபாவுக்குப் பின்னால் போய் விழவேண்டும், கோப்பை உருளவேண்டும், கைக்குட்டை கீழே கிடக்கவேண்டும், நால்வரும் இடம் மாறி நிற்கவேண்டும். பிரகாசமான ஒளியிலிருந்து சட்டென்று இருட்டுக்குப் போனால் பார்வையாளர்களுக்கு எதுவும் தெரியாது, அது நமக்கு வசதி. ஆனால் நடிகர்களுக்கும் தெரியாது. முதல் ஒத்திகையில் கணக்கர் சோபாவின் முனையில் முழங்காலை இடித்துக்கொண்டு உண்மையாகவே அலறினார். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும் என்றாலும், ஓரளவு பழக்கம் முதல் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பழக்கம் இரண்டு கண்களிலும் தனித்தனியாக நடக்கிறது. ஆகவே இருட்டுக்கு முந்தைய ஒரு நிமிட வசனத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது காரணம் காட்டி ஒரு கண்ணை மூடிக்கொள்ளும்படி அமைத்தோம்: ஒருவர் ஒப்பனைக் கண்ணாடியில் இமைக்கு மை தீட்டுகிறார், ஒருவர் கண்ணில் விழுந்த தூசியைத் துடைக்கிறார், ஒருவர் ஒற்றைக்கண் பூதக்கண்ணாடி வழியாகக் கணக்குப் பார்க்கிறார். விளக்கு அணைந்ததும் மூடிய கண்ணைத் திறந்துகொள்வார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சோபாவின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. சோபாவின் காலிலும் மேடை விளிம்பிலும் ஒளிரும் டேப்பைச் சிறு துண்டுகளாக ஒட்டினோம். அந்த டேப் முன்கூட்டியே வெளிச்சத்தை வாங்கியிருந்தால்தான் ஒளிரும் என்பதால், நாடகம் தொடங்குவதற்கு முன் அதன்மீது வெளிச்சம் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்ந்தது. அரங்கின் வெளியேறும் வழி விளக்குகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அணைக்கவில்லை.

பிணம் எங்களுக்குக் கொடுத்த தொல்லை தனி அத்தியாயம். தலைவர் வேடமிட்டவர் குழுவிலேயே சிரிப்பை அடக்கத் தெரியாதவர். கொலைக்குப் பிறகு நாற்பது நிமிடங்கள் அவர் மேடையில் அசையாமல் கிடக்கவேண்டும். பக்கவாட்டில் படுக்கவைத்தோம், தடித்த கோட்டுப் போட்டோம், சபை சிரிக்கும்போது மட்டும் நன்றாக மூச்சுவிடும்படி பழக்கினோம். அவரோ சபைக்கு முன்னாலேயே சிரித்தார். பிறகு உடலை முழுக்கச் சோபாவுக்குப் பின்னால் மறைத்து, கால்கள் மட்டும் வெளியே தெரியும்படி வைத்தோம். கால்கள் குலுங்கின. கடைசியில், பழைய கால்சட்டையின் இரண்டு கால்களிலும் துணிகளை அடைத்து, முனைகளில் ஒரு ஜோடி சப்பாத்துகளைப் பொருத்தி, இருட்டின் எட்டு நொடிக்குள் அவற்றைச் சோபாவின் ஓரத்தில் நீட்டிவைத்துவிட்டு ஆள் தவழ்ந்து பக்கத்திரைக்குள் போய்விடும்படி செய்தோம். அடைத்த கால்கள் ஒருநாளும் சிரிக்கவில்லை. அதோடு ஒரு ஆள் மிச்சமானார். அவரை வாக்கு எண்ணுவதற்கு வைத்துக்கொண்டோம்.

விசாரணைக் காட்சிதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது. பார்வையாளர் யார் வேண்டுமானாலும் எழுந்து சந்தேக நபரைக் கேள்வி கேட்கலாம். நடிகர் அந்த இடத்திலேயே பதில் சொல்லவேண்டும். கொலைக்கு முந்தைய இருபது நிமிடங்களில் யார் எங்கே இருந்தார், யாரோடு பேசினார் என்ற நேர அட்டவணையை நான்கு பேரும் மனப்பாடம் செய்திருந்தார்கள். அதற்கு அப்பால் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தாமாகவே பதில் புனையலாம், ஆனால் எந்த அட்டவணையிலும் உள்ளதை மறுக்கக் கூடாது என்பது ஏற்பாடு. முதல் முன்னோட்டக் காட்சியிலேயே இது போதாது என்று தெரிந்துவிட்டது. ஒருவர் கதாநாயகியிடம், "தலைவருக்கும் உங்களுக்கும் எத்தனை வருடப் பழக்கம்?" என்று கேட்டார். "பள்ளியில் ஒன்றாகப் படித்தோம்" என்று அவர் அடித்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து அதே கேள்வி வேறு வடிவில் ஒப்பனைக்காரரிடம் வந்தபோது, பக்கத்திரைக்குள் உடை மாற்றிக்கொண்டிருந்ததால் முன்னதைக் கேட்டிராத அவர், "தலைவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்" என்றார். சபையிலிருந்து ஒரு குரல், "அப்படியானால் அந்த அம்மா பொய் சொல்கிறார்!" என்றது. அந்த இரவு அந்தப் பொய்யே ஒரு துப்பாகிவிட்டது.

மறுநாள் பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு கரும்பலகையை மாட்டினேன். மேடையில் யாராவது புதிதாக ஒன்றைச் சொன்னால், அதை மூன்று நான்கு சொற்களில் உடனே எழுதுவேன்: "கதா. + தலை. ஒரே பள்ளி", "கணக். நீச்சல் தெரியாது", "ப்ரா. பூனை வளர்க்கிறார்". மேடைக்குள் போகும் ஒவ்வொருவரும் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒவ்வோர் இரவும் முடிந்ததும் அழித்துவிடுவேன். ஓர் இரவின் புனைவு மற்றோர் இரவுக்குப் போகாது. இந்தக் கரும்பலகை எதிர்பாராத வேறொரு நன்மையையும் செய்தது. நடிகர்கள் பிறர் புனைந்ததை மறுப்பதற்குப் பதிலாக அதன்மேல் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் இரவில் ப்ராம்ப்டரின் பூனை நால்வரின் வாக்குமூலத்திலும் நடமாடி, முடிவில் விளக்கை அணைத்தது அதுதான் என்று ஆகிவிட்டது. எழுதிய வசனங்களில் எதுவும் அந்தப் பூனை அளவுக்குச் சிரிப்பை வாங்கவில்லை என்பதை எழுத்தாளர் இன்றுவரை முழு மனதோடு ஏற்கவில்லை.

இனி வாக்கு. கையுயர்த்தச் சொன்னால், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து உயர்த்துகிறார்கள். கைதட்டச் சொன்னால், நடிகர்களின் உறவினர்கள் அதிகம் வந்த இரவில் கணக்கே மாறிவிடுகிறது. காகிதச் சீட்டு என்றால் 84 சீட்டுகளைப் பிரித்து எண்ணவேண்டும். இடைவேளை பதினைந்து நிமிடம், அதில் கடைசி ஐந்து நிமிடம் நடிகர்கள் தங்கள் முடிவுக்குத் தயாராகத் தேவை. கடைசியில் இரும்பு வாஷர்களை வைத்துக்கொண்டோம். பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் போடும் சாதாரண வாஷர் ஒன்று ஏறக்குறைய மூன்றரை கிராம் இருக்கும். இருபதைச் சேர்த்து நிறுத்தபோது சமையலறை டிஜிட்டல் தராசு 71 கிராம் காட்டியது. அரங்கின் வாசலில் நுழைபவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாஷர். இடைவேளையில் மேடை விளிம்பில் வைக்கப்பட்ட நான்கு தகரப் பெட்டிகளில் ஒன்றில் அதைப் போடவேண்டும். பெட்டிகள் உள்ளே போனதும், வெற்றுப் பெட்டியின் எடையைக் கழித்துவிட்டு, நிறுத்து, 3.55ஆல் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். நான்கு பெட்டிக்கும் சேர்த்து ஒரு நிமிடம் போதும். மொத்தத்தையும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது சரிபார்ப்பு. தகரத்தில் இரும்பு விழும் "டங்" என்ற ஒலி இடைவேளை முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்ததும் நன்றாக இருந்தது. யார் பெட்டியில் அடிக்கடி விழுகிறது என்று சிலர் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

முதல் முன்னோட்டத்தில் 52 பேர் வாக்களித்தார்கள். கணக்கருக்கு 33, கதாநாயகிக்கு 9, ஒப்பனைக்காரருக்கு 7, ப்ராம்ப்டருக்கு 3. இப்படியே போனால் நான்கு இரவும் ஒரே முடிவுதான் நடிக்கப்படும். குழுவில் ஒரு யோசனை எழுந்தது: எண்ணிக்கையை யார் பார்க்கப்போகிறார்கள், ஒவ்வோர் இரவும் ஒருவரைச் சுற்றில் விட்டு அறிவித்துவிடலாமே என்று. அதைச் சொன்னவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய முடிவை அவர் கடுமையாக ஒத்திகை பார்த்திருந்தார், அது மேடையேறவேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் வாக்கைப் பொய்யாக்குவது என்றால் தராசு எதற்கு, பெட்டி எதற்கு, வாசலில் வாஷர் எதற்கு? விவாதம் அரை மணி நேரம் நீடித்தது. கடைசியில், சபையிலிருந்து ஒருவரை மேடைக்கு அழைத்துத் தராசின் எண்களை அவர் வாயாலேயே சொல்லவைப்பது என்று தீர்மானித்து, ஏமாற்றும் வழியை எங்களுக்கு நாங்களே அடைத்துக்கொண்டோம்.

வாக்கைத் தொடக் கூடாது என்றால் நாடகத்தைத்தான் திருத்தவேண்டும். கணக்கர்மீது ஏன் அவ்வளவு சந்தேகம் என்று வந்திருந்த நண்பர்களிடம் கேட்டபோது இரண்டு காரணங்கள் தெரிந்தன. இடைவேளைக்கு முன் கடைசியாக விசாரிக்கப்பட்டவர் அவர். அவருடைய தடுமாற்றம் சூடு ஆறாமல் பெட்டிவரை வந்தது. ஆகவே விசாரணை வரிசையை ஒவ்வோர் இரவும் சபையிலிருந்து ஒருவர் சீட்டெடுத்து முடிவு செய்யும்படி மாற்றினோம். மற்றொன்று, ப்ராம்ப்டர் நாடகம் முழுவதும் மேடையோரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்ததால் அவர் இருப்பதே பலருக்கு நினைவில்லை. அவருக்கும் தலைவருக்கும் இடையில், தலைவர் மறந்த வரியை அவர் வேண்டுமென்றே தவறாக எடுத்துக்கொடுக்கும் ஒரு நிமிடக் காட்சியைச் சேர்த்தோம். இரண்டாவது முன்னோட்டத்தில் 49 வாக்குகள் 17, 14, 11, 7 என்று பிரிந்தன. அது போதும் என்று அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

ஒலியைப் பற்றி ஒரே வரி: விளக்குகளை டிம்மரில் மங்கவைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் எழுந்த இரைச்சல், மைக் கம்பிகளை டிம்மர் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் வந்தது, இரண்டையும் மேடையின் எதிரெதிர்ப் பக்கங்களில் பிரித்து ஓட்டியதும் நின்றது.

நான்கு முடிவுகளை ஒத்திகை பார்ப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. எப்போதும் முதலில் பார்ப்பதை நன்றாகப் பார்ப்போம். நான்காவதற்கு வரும்போது பத்து மணி ஆகிவிடும், எல்லாருக்கும் கடைசிப் பேருந்து நினைவு வந்துவிடும். அந்த நான்காவது எப்போதும் ப்ராம்ப்டருடையது. நான்காம் வாரத்தில்தான் இதைக் கவனித்து, பின்னிருந்து முன்னாகப் பார்க்கத் தொடங்கினோம். அப்படியும் அவருடைய முடிவு மற்றவற்றில் பாதியளவு ஒத்திகையே கண்டது.

முதல் இரவில் கதாநாயகி, இரண்டாம் இரவில் கணக்கர், மூன்றாம் இரவில் மறுபடியும் கதாநாயகி. நான்காம் இரவு அரங்கு நிறைந்திருந்தது. இடைவேளையில் பெட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்த தலைவர், அதாவது எங்கள் பிணம், என்னை அழைத்து எண்களைக் காட்டினார். ஒப்பனைக்காரர் 27, ப்ராம்ப்டர் 27, கதாநாயகி 18, கணக்கர் 11. சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரு திட்டம் இருந்தது, ஆனால் யாரும் அதை நடித்துப் பார்த்ததில்லை: இறந்தவரே எழுந்து வந்து தம் வாக்கைப் போடுவார். இன்ஸ்பெக்டர் நிலைமையைச் சபைக்கு விளக்கி, "பாதிக்கப்பட்டவரையே கேட்டுவிடுவோம்" என்றதும், தலைவர் நெற்றியில் கட்டோடும் கையில் தராசோடும் பக்கத்திரையிலிருந்து வந்தார். அவருடைய கால்கள் சோபாவின் ஓரத்தில் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. சபை சிரித்த காரணம் அவருக்குப் புரிய சில நொடிகள் ஆயின; திரும்பிப் பார்த்து, தம் கால்களைத் தாமே கண்டு, அவற்றை மெதுவாகச் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டார். பிறகு ப்ராம்ப்டரைச் சுட்டிக்காட்டினார்.

ப்ராம்ப்டரின் வாக்குமூலம் மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டது. அவர் வரியை மறந்தால் எடுத்துக்கொடுக்க ப்ராம்ப்டர் பெட்டியில் யாரும் இல்லை. அந்த ஆள்தான் நடுமேடையில் நிற்கிறார். கணக்கர் நிதானமாக நடந்து போய்ப் பெட்டிக்குள் உட்கார்ந்து, பிரதியைப் புரட்டி, வரியை உரக்கப் படித்தார். ப்ராம்ப்டர் தலையாட்டிவிட்டு அதையே திருப்பிச் சொன்னார். மீதி வாக்குமூலம் முழுவதும் இப்படியே நடந்தது, அதுதான் திட்டமிட்ட நடிப்பு என்று பலர் நினைத்தார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான்கு எண்களையும் கூட்டினால் 83 வருகிறது. வாசலில் கொடுத்தது 84. தராசின் பிழையோ என்று வாஷர்களைக் கையால் எண்ணினேன், 83தான். மேடையைக் கலைக்கும்போது சோபாவுக்கு அடியிலிருந்து அடைத்த கால்களை இழுத்து, சப்பாத்துகளைக் கழற்றிக் கவிழ்த்தேன். இடது சப்பாத்திலிருந்து ஒரு வாஷர் விழுந்தது. இடைவேளையில் பெட்டிகளைக் கடந்து வந்து, யாரோ ஒருவர் பிணத்துக்கு வாக்களித்திருக்கிறார். சுவரில் ஒட்டிய காகிதத்தை அன்றிரவே இறக்கவேண்டியிருந்தது. இறக்குவதற்கு முன் எழுத்தாளர் அதில் ஐந்தாவது வரிசை ஒன்றைக் கோடிட்டு, நோக்கம் என்ற கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது என்று பென்சிலோடு யோசித்துக்கொண்டு நின்றார்.